இடி புகாத கொட்டகை

மெயின் சுவிட்சை நான் இறக்கியிருந்தேன். அந்தக் கோடையில் என்னைப் பார்த்த எல்லோரும் முதலில் கேட்டது இதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏனாத்தூரில், கல்லூரிக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற மண்பாதையின் முடிவில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. செங்கல் சுவர், மேலே சிமென்ட் ஷீட். அதில் இரண்டு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின்களை வைத்துத் தொழில் செய்துவந்தேன். காஞ்சிபுரத்தில் முகூர்த்தத்துக்கு எடுக்கிறவர்கள் புடவையோடு நிறுத்துவதில்லை. ரவிக்கையின் கழுத்துக்கு மயில் வேண்டும், கைக்கு யானை வேண்டும், சிலருக்கு மாப்பிள்ளை பெண் பெயரே வேண்டும். கடைக்காரர்கள் துணியை எங்களிடம் அனுப்புவார்கள். நான் கம்ப்யூட்டரில் டிசைனை வரைந்து மெஷினுக்கு அனுப்புவேன். மெஷினை ஓட்டுவது, நூல் மாற்றுவது, ஃப்ரேமில் துணியை இழுத்து மாட்டுவது எல்லாம் என்னோடு வேலை செய்த பெண்ணின் பொறுப்பு. பக்கத்து ஊரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவளுக்கு இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள் உண்டு. என்னை அக்கா என்று கூப்பிடுவாள்.

வைகாசியில் ஒரு நாள் மாலை. பெருமாள் கருட சேவை முடிந்து ஊர்க் கூட்டம் கலைந்திருந்த வாரம். மேற்கே தாமல் ஏரிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடி தூரத்தில் உருண்டதுமே நான் மெஷின்களை நிறுத்தி, மெயினை இறக்கினேன். இது எங்கள் வழக்கம். பக்கத்துக் கொல்லையின் வரப்பில் ஒரு பனைமரம் நின்றது. சிறிது நேரத்தில் அதன் மேல் இடி விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். மரத்தின் உச்சி புகைந்தது. கொட்டகைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஷீட்கூட விரிசல் விடவில்லை. தப்பித்தோம் என்று இருவரும் சிரித்துக்கொண்டோம்.

மறுநாள் காலை மெயினை ஏற்றினேன். இரண்டு மெஷின்களின் திரைகளும் கறுப்பாகவே இருந்தன. கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது, ஆனால் அதிலிருந்து டிசைன் எதுவும் வெளியே போகவில்லை.

சென்னையிலிருந்து வந்த மெக்கானிக் மூடியைக் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எங்கும் கருகல் இல்லை, தீய்ந்த வாசனை இல்லை. ஆனால் இரண்டு மெஷின்களிலும் போர்டுகள் செத்துப்போயிருந்தன.

"மெயின் ஆஃப் பண்ணலையாமா?" என்றார்.

"பண்ணேங்க. முத இடிக்கே பண்ணிட்டேன்."

"ஆஃப்ல இருந்தா இப்டி போவாதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்காமல் திருகாணிகளை முடுக்கினார்.

துணி கொடுத்திருந்த கடைக்காரரும் அதையே கேட்டார். சாயங்காலம் என் கணவர் வந்தார். அவர் ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பேருந்தை ஓட்டுகிறார். கோபிக்கிற மனிதர் இல்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "போனா போவுது விடு. அவசரத்துல மறந்திருப்ப. மனுஷன்னா மறக்கறதுதான்" என்றார்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"நான் பாத்தன்ணா. அக்கா இறக்கனாங்க. நான்தான் டார்ச் புடிச்சன்" என்றாள் வாசலில் நின்ற அந்தப் பெண். அவர் தலையை ஆட்டினார். நம்பினார் என்று சொல்ல முடியாது. அடுத்த மெஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் போர்டுகளுக்குக் கொடுத்தோம். முகூர்த்த நாட்கள் கையை விட்டுப் போயின. சும்மா கிடந்த மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்து நான் ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லாத கம்பியில் கரண்ட் எப்படி வந்தது?

என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி, கார்களுக்குள் போகும் கருவிகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. ஒரு சீமந்தத்துக்காக ஊருக்கு வந்தவளைப் பிடித்துக் கொட்டகைக்கு அழைத்துவந்தேன். பட்டுப்புடவையோடு உள்ளே வந்தவள் மெஷின்களைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்தாள். மீட்டரிலிருந்து வரும் ஒயர், ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒயர், கொட்டகையின் மறுகோடியில் இருந்த கம்ப்யூட்டர் வரைக்கும் சுவரோரமாக ஓடிய நெட்வொர்க் ஒயர். எல்லாவற்றையும் விரலால் காற்றில் தொடர்ந்துகொண்டே போனாள்.

"நீ ஆஃப் பண்ணது நெஜம்டி" என்றாள். "ஆனா இடிக்கு உன் மெயின் எதுக்கு? மரத்துல விழுந்தப்ப சுத்தி ஒரு துடிப்பு கெளம்பும். மின்காந்தத் துடிப்பு. கண்ணுக்குத் தெரியாது. அது போற வழில நீளமா எந்தக் கம்பி இருந்தாலும் அதுக்குள்ளயே கரண்ட் பொறந்துடும். வெளியேந்து வரவே வேணாம். நீ இத்தன ஒயர கட்டிக்கினு ஒரு பெரிய ஏரியல் நடுவுல உக்காந்துக்கினு இருக்கற."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மெஷின் போனதற்காக இல்லை. நான் சொன்னதை நம்பிய முதல் படித்த ஆள் அவள்.

"நீ வேல செய்யற எடத்துல எப்டி தடுக்கறாங்க?"

"இரும்பு ரூம். ஆறு பக்கமும் இரும்பு. அந்தத் துடிப்பு இரும்புத் தோல்லயே ஓடி அப்டியே தரைக்குப் போயிடும். உள்ள இருக்கற பொருளுக்குத் தெரியாது. சண்டைல அணுகுண்டு போட்டா வர துடிப்புக்கே பெரிய பெரிய கம்ப்யூட்டர்ங்கள இப்டி ரூம் கட்டித்தான் வெக்கறாங்க."

"குண்டெல்லாம் வேணாம். எனக்கு இடி தாங்குனா போதும்."

அவள் சிரித்தாள். "ஆனா ஒண்ணு. இடுக்கு இருக்கக் கூடாது. மெல்லிசா ஒரு நீட்டு இடுக்கு இருந்தாகூட வீண்."

அவள் போன பிறகு அதை நானே பார்த்துவிட நினைத்தேன். சமையலறையில் என் போனை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடி, கணவரின் போனிலிருந்து கூப்பிட்டேன். சம்படத்துக்குள்ளிருந்து கணீரென்று மணி அடித்தது. தோழி சொன்னது பொய்யோ என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு மூடியைச் சுற்றி அலுமினியத் தாளைத் தாராளமாகச் சுற்றி, ஓரங்களை நன்றாக அழுத்தினேன். இப்போது போன் அடிக்கவில்லை. தாளில் ஓர் ஓரத்தை நகத்தால் பிரித்தேன். மறுபடி அடித்தது. மூடி இருக்கிறதா என்பது முக்கியமில்லை, மூடியும் பாத்திரமும் சுற்றிலும் ஒட்டுகிறதா என்பதுதான் முக்கியம். அது என் கைக்குப் புரிந்துவிட்டது.

"இரும்புல ரூம் கட்டப் போறேன்" என்று கணவரிடம் சொன்னேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "இடிக்குப் பயந்து இரும்புக்குள்ள போவியா? இரும்புதானே இடிய இழுக்கும்?"

"பஸ்ல போவும்போது இடி விழுந்தா வண்டிக்குள்ளயே இருங்கன்னுதானே உங்க கம்பெனில சொல்லிக் குடுத்தாங்க? அது இன்னா மரமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவராகவே பழைய கொட்டகைக்குப் பக்கத்தில் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

என் நகையை அடகு வைத்து, பெங்களூர் ரோட்டில் கிடங்குகளுக்குத் தகரக் கொட்டகை போடுகிற ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தோம். ஐம்பதைத் தாண்டியவர். அவர் அப்பா நிலத்தில் கூலி வேலை செய்தவர், இவர் வெல்டிங் கற்று இன்று பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறார். தன் வேலையில் பெருமை உள்ளவர். நான் கேட்டதையெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். தரை என்றதும் நிறுத்தினார்.

"தரைக்கும் இரும்பாம்மா?"

"கான்கிரீட்டுக்கு அடியில கம்பி வலைங்க. சுவரோட வெல்டு வெக்கணும்."

"கோழிக் கூண்டு மாரி கேக்கறீங்க. சரி, உங்க ஷெட்டு."

தரை முடிந்தது, தூண்கள் நின்றன. ஒரு வாரத்தில் நீல நிறத் தகரங்கள் பளபளவென்று ஏறிவிட்டன. ஜன்னல்களில் வலை, கனமான இரும்புக் கதவு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கான்ட்ராக்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எப்டி இருக்குது?" என்றார்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தோழி போனில் சொல்லியிருந்தபடி ஒரு சின்ன டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மத்திய அலையில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினேன். நல்ல கொட்டகையாக இருந்தால் அது அடங்கியிருக்க வேண்டும். செய்தி வாசிப்பவர் கொஞ்சம்கூடக் குரலைத் தாழ்த்தவில்லை.

காரணம் என்னவென்று தோழியிடம் கேட்டேன். "ஷீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்குதா?" என்றாள். அடித்துத்தான் வருகிறது. ஒரு தகரத்தின் மேல் இன்னொன்று ஏறி உட்காரும் இடத்தில் இரண்டுக்கும் நடுவில் பெயிண்ட். அங்கங்கே ஒரு திருகாணி. கண்ணுக்கு ஒரே சுவர். துடிப்புக்கு அது தனித்தனித் தகரம், நடுவில் நீள நீளமான இடுக்கு.

கான்ட்ராக்டரிடம் சொன்னேன். ஒவ்வொரு தகரத்தையும் கழற்றி, ஒன்றன் மேல் ஒன்று உட்காரும் விளிம்பில் மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டி, வெறும் உலோகம் வெறும் உலோகத்தைத் தொடும்படி மறுபடி முடுக்க வேண்டும். திருகாணிகள் நெருக்கமாக வேண்டும். கதவைச் சுற்றிச் செம்புப் பட்டை வேண்டும்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "மழத்தண்ணி படற எடத்துல பெயிண்ட்ட சொரண்ட சொல்றீங்க. ரெண்டு வருஷத்துல துரு ஏறி பல்லிளிக்கும். அன்னிக்கி யாரத் திட்டுவீங்க? என்னத்தான். என் பேரு கெட்டுப்போவும்மா. நான் செய்ய மாட்டன்."

"செய்யலைன்னா இது சும்மா தகரக் கொட்டாய்ங்க. எனக்கு வேணாம்."

"அப்ப வேற ஆளப் பாத்துக்குங்க."

ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கட்டிங் மெஷினும் ஏணியும் அப்படியே கிடந்தன. அன்று மாலை எனக்கு மனம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. போட்டது போட்டபடி மெஷின்களை உள்ளே வைத்துவிட்டு, கடவுள் மேல் பாரத்தைப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். கணவரின் "மறந்திருப்ப" காதில் விழுந்தது. அவர் அதைத் திரும்பச் சொல்லவேயில்லை. இருந்தாலும் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே ஏணியில் ஏறித் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தேன். கணவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், "நீ எறங்கு. கீழ தேய்க்கற வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தானே ஏறினார். கழற்றிய தகரத்தைத் தரையில் கிடத்தி, விளிம்பில் அளவாகக் கோடு கிழித்து, உப்புத் தாளால் தேய்த்தேன். நீலம் உரிந்து வெள்ளை வந்தது. சர்ச் முடிந்ததும் அந்தப் பெண்ணும் வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ ஏம்மா லீவு நாள்ல?"

"மெஷினு இல்லைன்னா எனக்கும்தானே வேல இல்ல" என்றாள். "தாளக் குடுங்கக்கா."

மதியத்துக்கு மேல் கான்ட்ராக்டர் வண்டியில் வந்து இறங்கினார். கட்டிங் மெஷினை எடுத்துப் போகத்தான் வந்தார். நாங்கள் மூவரும் நீலத் தூளில் குளித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். நான் தேய்த்துவைத்த விளிம்பைக் குனிந்து தடவினார்.

"ரொம்ப அகலமா சொரண்டறீங்கம்மா" என்றார். "ஒண்ணுமேல ஒண்ணு உக்கார்ற எடம் இவ்ளோதான். இதுக்கு மேல போனீங்கன்னா அதான் துரு புடிக்கும்."

"நீங்க காட்டுங்க."

அவர் தரையில் உட்கார்ந்தார். வெறும் உலோகத்தை அழுத்தி முடுக்கியதும், வெளிப்பக்கம் தெரியும் சந்தில் தண்ணீர் இறங்காமல் பசை பூசி, அதன் மேல் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று அவர்தான் சொன்னார். உள்ளே உலோகம் தொட்டுக்கொள்ளும், வெளியே மழை தொடாது. இது எனக்கும் தோன்றவில்லை, தோழிக்கும் தோன்றவில்லை. துருவைப் பற்றி அவர் கோபப்பட்டது நியாயம்தான் என்று அப்போது புரிந்தது. மறுநாள் ஆட்களோடு வந்தார். பட்டுத் தறியில் கோர்வை போடுகிறவர்கள் புடவையின் கரையையும் உடலையும் இழை இழையாகக் கோத்து இணைப்பதைப் போல, அந்தத் தகரங்களை ஒன்றோடொன்று சேர்த்தார்கள். கூட வந்த ஒரு வெல்டர் முணுமுணுத்தபோது, "சும்மா இருப்பா, அந்தம்மா ரேடியோ வெச்சிக்கினு வரும்" என்று அவரே அடக்கினார்.

கரண்ட் ஒயர் உள்ளே வருவதற்கு ஒரே இடம். அங்கே ஓர் இரும்புத் தட்டு, இடியின் வேகத்தைத் தரைக்குத் திருப்பிவிடும் கருவி, அதிலிருந்து எர்த் குழிக்குப் பட்டைக் கம்பி. இன்டர்நெட்டுக்குச் செம்பு ஒயரே வேண்டாம், கண்ணாடி இழை போதும், அதில் கரண்ட் ஓடாது என்றாள் தோழி. அதையும் செய்தோம். பிறகு டிரான்சிஸ்டரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். செய்தி பாதி வார்த்தையில் நின்றது. வெறும் இரைச்சல். கதவைத் திறந்தேன், வார்த்தை வந்தது. சாத்தினேன், போனது. கான்ட்ராக்டர் என் கையிலிருந்து ரேடியோவை வாங்கித் தானே ஒருமுறை உள்ளே போய்வந்தார்.

"அட" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மெஷின்களை உள்ளே கொண்டுபோனோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆகவில்லை. ஆடி மாதத்திலும் உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பதைப் போல இருந்தது. கூரைக்கு உள்பக்கமாக வெப்பம் தடுக்கும் பலகைகள் போட்டோம், வலை அடித்த காற்றாடிகள் வைத்தோம். வெயிலைச் சமாளித்துவிட்டோம். இன்னொன்று இருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை.

ஒரு நாள் பிற்பகல் வேலை முடிந்து அந்தப் பெண் வெளியே போனாள். போன உடனே அவள் போன் விடாமல் கத்த ஆரம்பித்தது. மகளின் பள்ளியிலிருந்து எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், வாந்தி. யாருமே எடுக்கவில்லை என்று கடைசியில் வாத்தியாரம்மா ஒருவரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். என் போனுக்கும் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேருமே இரும்புக்குள் இருந்தோம்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் நான் அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை தெளிந்து உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. அவள் உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள்.

"மெஷினுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு அவ்ளோ பாத்தீங்களேக்கா" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "எங்கள யாரு கூப்டுவாங்கன்னு பாக்கலையே."

"நீ வர வேணாம். நான் ஒரு வழி பண்ணிட்டுச் சொல்றேன். அப்ப வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

உள்ளே சிக்னல் வரும்படி ஏதாவது செய்ய முடியுமா என்று தோழியிடம் கேட்டேன். "செய்யலாம். ஆனா ஆளுக்கொரு ஓட்ட போட்டுக்கினே போனா கட்னது எதுக்கு? ரூம மாத்தாத. வேலைய மாத்து" என்றாள். அது சரியென்று பட்டது. எங்கள் வேலையில் பாதிக்கு மெஷினே தேவையில்லை. தொங்கும் நூலை வெட்டுவது, கல் ஒட்டுவது, மடிப்பது, கடைக்காரரிடம் பேசுவது. அதையெல்லாம் பழைய செங்கல் கொட்டகைக்கு மாற்றினேன். ஒருவர் உள்ளே மெஷினோடு இருந்தால் இன்னொருவர் அங்கே இரண்டு போன்களோடும் இருப்பார். போன் வந்தால் இரும்புக் கதவைத் தட்ட வேண்டும். நான் வெளியூர் போகிற நாளில் மெஷின் ஓடாது. பள்ளியில் என் கணவர் எண்ணையும் கொடுத்தோம். இத்தனையும் செய்துவிட்டுச் சொல்லி அனுப்பினேன். வந்து பார்த்தாள். கதவைத் தானே ஒருமுறை தட்டிப் பார்த்தாள். உள்ளே மெஷின் ஓடும்போது கேட்கிறதா என்று என்னை உள்ளே அனுப்பிச் சோதித்தாள். கேட்டது. அடுத்த நாளிலிருந்து வந்தாள்.

அந்த வருஷம் மழை தாமதமாகத்தான் சேட்டை செய்தது. புரட்டாசியில் ஒரு பிற்பகல் வெயில் அப்படியே இறங்கி இருட்டிக்கொண்டு வந்தது. நான் உள்ளே இருந்தேன். அவள் கதவைத் தட்டி, "அக்கா, வருது" என்றாள். மெஷின்களை நிறுத்தினேன், மெயினை இறக்கினேன். அவளையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். சுவரில் சாயாதீர்கள் என்று தோழி சொல்லியிருந்தாள், அதனால் இருவரும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் பேசினால் கேட்கவில்லை. ஜன்னல் வலைக்கு வெளியே உலகம் வெளுத்தது. அப்போது வந்த சத்தத்தில் நாற்காலியோடு நான் ஒரு முழம் நகர்ந்தேன் என்று அவள் இன்றுவரை சொல்கிறாள். பின்கொல்லைக் கிணற்றோரத்துத் தென்னையில் விழுந்திருந்தது. பனைமரம் நின்ற தூரத்தில் பாதிகூட இருக்காது.

மழை விட்டதும் வெளியே வந்தோம். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று அந்தக் கொல்லைக்காரர் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த கல்லூரி மாணவர்கள் வெளியே வந்து நெட் போச்சு என்றார்கள். எங்கள் வீட்டு டிவி செத்துவிட்டது, ஃபிரிட்ஜும் மூச்சு விடவில்லை. கணவர் வேலை முடிந்து வரும்வரை நான் மெயினைத் தொடவில்லை. பயமாக இருந்தது. அவர் நனைந்தபடியே கொட்டகைக்கு வந்தார்.

"போட்டியா?"

"இல்ல. நீங்க போடுங்க."

"நீதான் போடணும்" என்றார்.

ஏற்றினேன். முதல் மெஷினின் திரை கொஞ்சம் யோசித்துவிட்டு வெளுத்தது. இரண்டாவதும். அந்தப் பெண் ஃப்ரேமை மாட்டி, பாதியில் நின்ற ரவிக்கையை ஓட்டினாள். ஊசிகள் விட்ட இடத்திலிருந்து மயிலின் கழுத்தைத் தைத்தன. கணவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னிக்கும் நீ இறக்கித்தான் இருந்த" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

தோழிக்குப் போன் செய்து சொன்னபோது அவள் துள்ளிக் குதிக்கவில்லை. "நல்லதுடி. ஆனா ஒரு தடவ தப்பிச்சத வெச்சிப் பெருசா சொல்லிக்கினு திரியாத. ஷெட்டு மேலயே விழுந்தா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாது. வருஷா வருஷம் திருகாணிய முடுக்கு, எர்த்த பாரு" என்றாள். அவள் சொல்வது சரி. பங்குனியில் ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு முழுக் கொட்டகையையும் பார்க்கிறோம். கதவின் செம்புப் பட்டை தேய்ந்தால் மாற்றுகிறோம். கான்ட்ராக்டர் சொன்னபடி ஓர் இடத்தில் துரு தலைகாட்டியது, அவரே வந்து சரிசெய்தார். மூன்றாவது மெஷின் வந்துவிட்டது. அதில் ஓடுகிற வேலையை இப்போது அந்தப் பெண்ணே கடைகளில் பேசி எடுக்கிறாள், அதன் வருமானத்தில் அவளுக்குப் பங்கு.

போன மாதம் கான்ட்ராக்டர் கூரம் கிராமத்திலிருந்து கூப்பிட்டார். அங்கே ஒருவர் கோழிக் குஞ்சு பொரிக்கும் இயந்திரங்கள் வைத்திருக்கிறார். இடியில் அதன் கன்ட்ரோல் பெட்டி போய், முட்டைகளெல்லாம் வீணாகிவிட்டன. "நான் சொன்னா பில்லு ஏத்தறதுக்கு சொல்றன்றாரு மேடம். நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்க" என்றார். கணவரின் பைக்கில் போனேன். குஞ்சுப் பண்ணைக்காரர் இளைஞர். சலிப்போடு நின்றுகொண்டிருந்தார்.

"இந்த ரூம் கட்னா இனிமே ஒண்ணும் ஆவாதுன்னு நீங்க கேரண்டி குடுப்பீங்களா?"

"மாட்டேன்" என்றேன். "ஆனா இன்னின்னது செய்யணும்னு சொல்வேன். அதுல ஒண்ண விட்டாலும் கட்டாதீங்க, காசு வேஸ்ட்டு. உள்ள வேல செய்யறவங்கள வெளிய இருக்கறவங்க எப்டி கூப்டுவாங்கன்னு மொதல்லயே யோசிங்க. நான் யோசிக்கல."

அவர் காலியாகக் கிடந்த இயந்திரங்களைப் பார்த்தார். பிறகு கான்ட்ராக்டரிடம், "அளக்கற டேப்ப எடுங்க" என்றார்.